மேசைமேல் வைக்க முடியாத ஊசி

வட்டப் பின்னல் இயந்திரத்தில் பொருத்தும் ஊசியைத் திருப்பூர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் கையில் எடுத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அது தையல் ஊசியைப் போல உருண்டு திரண்டிருக்காது. தகட்டில் வெட்டியதுபோல் மெலிந்து, ஒரு முனையில் கொக்கியும், அந்தக் கொக்கியை மூடித் திறக்கும் மிகச் சிறிய நாக்கும், தண்டின் விளிம்பில் ஒரு புடைப்பும் கொண்டிருக்கும். பனியன் துணி பின்னும் ஒரே இயந்திரத்தில் இப்படி ஆயிரக்கணக்கான ஊசிகள் வட்டமாக நின்று ஏறி இறங்குகின்றன. அவற்றில் ஒன்று தேய்ந்தாலும் துணியில் நீளவாக்கில் ஒரு கோடு விழுந்துவிடும். ஆகவே பின்னலாடைத் தொழில் உள்ளவரை ஊசி இறக்குமதியும் இருக்கும். அதைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வேலையும் இருக்கும்.

நான் முப்பது ஆண்டுகளாகக் கிளியரிங் தொழிலில் இருக்கிறேன். சட்டம் இப்போது எங்களைச் சுங்கத் தரகர் என்கிறது. 2013க்கு முன்னால் கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட் என்றது. துறைமுகத்தில் இன்றும் சி.எச்.ஏ. என்றால்தான் புரியும். சரக்கு எல்லையைக் கடக்கும் நடைமுறைகளை எளிதாக்குவதைக் குறிக்கும் வர்த்தக வசதியாக்கம் என்ற சொல்லை எங்கள் கூட்டங்களில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஓயாமல் கேட்டுவருகிறேன். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நாள் கணக்கையும் தரவரிசையையும் காட்டி நிறுத்திக்கொள்கிறார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவனுக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அதைச் சொல்வதற்கு அந்த ஊசிதான் எனக்கு வசதியாக இருக்கிறது.

முதலில் பழைய நடைமுறை. நான் தொழிலுக்கு வந்த 1990களின் நடுவில் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிவிப்புப் படிவம் நான்கு பிரதிகள் கொண்ட காகிதம். நேரடி உபயோகத்துக்கு வெள்ளை, வரி கட்டாமல் சரக்கை வைத்திருக்கும் பாண்டுக் கிடங்குக்கு மஞ்சள், பாண்டிலிருந்து எடுப்பதற்குப் பச்சை. அதைத் தட்டச்சு செய்து, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், காப்பீட்டுச் சான்று, தேவைப்பட்டால் உரிமம் என்று எல்லாவற்றையும் நூலால் கோத்து, நோட்டிங் பிரிவில் எண் வாங்கி, சரக்கின் வகைக்கு ஏற்ற குரூப்பில் அப்ரைசர் என்ற மதிப்பீட்டு அதிகாரியின் மேசையில் வைக்க வேண்டும். அவர் வகைப்பாட்டையும் மதிப்பையும் பார்த்துக் கையெழுத்திட, அதற்கு மேலுள்ள உதவி ஆணையர் ஒப்பமிட, வரியைக் கணக்கிட்டு வங்கியில் செலுத்திவிட்டு, அதே கட்டைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்குள் போய், அங்கே ஷெட்டில் இருக்கும் அதிகாரி பெட்டியைப் பிரித்துப் பார்த்து முத்திரை குத்தினால் சரக்கு அவுட் ஆஃப் சார்ஜ் ஆகும், அதாவது விடுபடும். அதற்குள் அந்தக் கட்டு எத்தனை மேசை ஏறி இறங்கியது என்று எண்ணிவைத்தவர் யாருமில்லை. எந்த மேசையில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதை அளக்கவும் அன்று வழி கிடையாது. மேசைக்கு மேசை கட்டு நகர்வதற்கு என்னென்ன வழக்கங்கள் இருந்தன என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. படிப்பவர்களில் பாதிப்பேருக்குத் தெரியும், மீதிப்பேர் ஊகித்துவிடுவார்கள்.

ஆனாலும் அந்த முறையில் ஒரு சௌகரியம் இருந்தது. ஊசி வரிப் பட்டியலின் எந்தத் தலைப்பில் வரும் என்று அப்ரைசருக்குச் சந்தேகம் வந்தால், என் சட்டைப் பையில் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பத்து ஊசி இருக்கும். ஒன்றை எடுத்து அவர் மேசைமேல் வைப்பேன். அவர் அதை விரலால் உருட்டப் பார்ப்பார். தட்டையானது என்பதால் உருளாது. கொக்கியின் நாக்கை நகத்தால் தூக்கிப் பார்ப்பார். "இதை எப்படிய்யா கையால பின்ன முடியும்" என்று அவரே சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். மொத்தம் இரண்டு நிமிடம்.

இனி உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதியாக்க ஒப்பந்தத்தின் கதை. அதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சரக்குப் போக்குவரத்துச் சுதந்திரம், கட்டணங்களும் நடைமுறைகளும், விதிகளை வெளியிடுதல் ஆகியவை பற்றி 1947ஆம் ஆண்டின் காட் என்ற பன்னாட்டு வர்த்தக ஒப்பந்தத்திலேயே ஐந்து, எட்டு, பத்து என்ற மூன்று பிரிவுகள் இருந்தன. அவற்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1996இல் சிங்கப்பூரில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு முதலீடு, போட்டிக் கொள்கை, அரசுக் கொள்முதல் ஆகியவற்றுடன் இதையும் சேர்த்து நான்கு புதிய விஷயங்களாக முன்வைத்தது. வளரும் நாடுகளின் எதிர்ப்பில் மற்ற மூன்றும் கழன்றுகொள்ள, 2004க்குப் பிறகு இது ஒன்று மட்டும் பேச்சுவார்த்தையில் நின்றது. 2013 டிசம்பரில் பாலியில் உடன்பாடு எட்டியது. உலக வர்த்தக அமைப்பு தோன்றிய பின் எல்லா உறுப்பு நாடுகளும் சேர்ந்து முடித்த முதல் ஒப்பந்தம் அதுதான்.

அதன் பிறகு நடந்ததில் இந்தியாவின் பங்கு சுவையானது. 2014 ஜூலையில், உணவு தானியக் கையிருப்புக்கான பாதுகாப்பு உறுதியாகும்வரை இதை உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்குள் சேர்க்கும் திருத்தத்துக்கு ஒப்புதல் தர மாட்டோம் என்று இந்தியா நிறுத்திவைத்தது. அந்தச் சிக்கல் தீர்ந்து நவம்பர் 27ஆம் தேதி பொதுக்குழு திருத்தத்தை ஏற்றது. உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்பளித்த பிறகே அது உயிர்பெறும் என்பதால், 110 நாடுகள் சேரும்வரை காத்திருந்து 2017 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2016 ஏப்ரலில் ஏற்பளித்தது. இலங்கை அதற்கு அடுத்த மாதம். வளரும் நாடுகள் தங்கள் கடமைகளை ஏ, பி, சி என்று தாங்களே பிரித்துக்கொள்ளலாம். ஏ என்றால் உடனே செய்வது, பி என்றால் கால அவகாசத்துடன் செய்வது, சி என்றால் அவகாசத்துடன் வெளி உதவியும் பெற்றுச் செய்வது. இந்தியா சி பிரிவில் எதையும் வைக்கவில்லை. உதவி வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அதன் பொருள்.

அந்த ஒப்பந்தத்தில் எங்கள் தொழிலைத் தொட்டது ஏழாவது பிரிவு. சரக்கு வரும் முன்னரே ஆவணங்களைப் பெற்றுப் பரிசீலிப்பது, வரியை மின்னணு வழியில் வாங்குவது, வரித் தகராறு தீரும்வரை சரக்கைப் பிடித்துவைக்காமல் உத்தரவாதம் பெற்று விடுவிப்பது, எல்லாவற்றையும் சோதிக்காமல் இடர் உள்ளதை மட்டும் தேர்ந்து சோதிப்பது, விடுவித்த பிறகு கணக்கைத் தணிக்கை செய்வது, சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து வெளியிடுவது, நம்பகமானவர் என்று அங்கீகாரம் பெற்றவர்களுக்குக் கூடுதல் சலுகை தருவது. இவற்றில் எதுவும் வரி விகிதத்தில் ஒரு பைசாவைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இவையெல்லாம் ஜெனீவாவிலிருந்து வந்து இறங்கியவை என்று மேடைகளில் பேசுவது சரியில்லை. இடர் மேலாண்மை முறை இந்தியச் சுங்கத்தில் 2005இலேயே தொடங்கிவிட்டது. தன் சரக்கின் வகைப்பாட்டையும் வரியையும் இறக்குமதியாளரே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்ற சுயமதிப்பீடு 2011இல் சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் வந்தது. கட்டாய ஆவணங்களை இறக்குமதிக்கு மூன்று, ஏற்றுமதிக்கு மூன்று என்று குறைத்தது 2015 மார்ச்சில். ஒற்றைச் சாளர முறை 2016 ஏப்ரல் முதல் தேதி தொடங்கியது. ஒப்பந்தம் அமலுக்கு வரும் முன்பே இவ்வளவும் நடந்துவிட்டன. பாதி திறந்திருந்த கதவு மறுபடி சாத்திக்கொள்ளாதபடி அடியில் கல்லை வைத்தது என்பதுதான் ஒப்பந்தத்தின் உண்மையான பயன். அமைச்சரவைச் செயலர் தலைமையில் தேசியக் குழு அமைந்ததும், மூன்றாண்டுச் செயல்திட்டங்கள் வந்ததும், கடல் வழி இறக்குமதி 48 மணி நேரத்தில், விமான இறக்குமதி 24 மணி நேரத்தில் என்று இலக்கு வைத்ததும் அதன் பின்விளைவுகள். அந்தக் கல் இல்லாமலிருந்தால் அடுத்த ஆணையர் மாறியதும் நடைமுறையும் மாறியிருக்கும். நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காகிதக் கட்டு மறைந்தது 2018 ஏப்ரலில். இ-சஞ்சித் என்ற அமைப்பில் ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் எண்ணைப் பில்லில் குறிப்பிட்டால் போதும் என்றானது. நூல் கோத்துத் தழும்பேறிய விரல்களுக்கு அது பெரிய விடுதலை. அதற்குப் பின் வந்ததுதான் நிஜமான மாற்றம். 2020 ஜூன் 8 அன்று பெங்களூரிலும் சென்னையிலும் முகமற்ற மதிப்பீடு தொடங்கியது. தொடக்கத்தில் இயந்திரங்களும் மின்சாதனங்களும் அடங்கிய, வரிப் பட்டியலின் 84, 85ஆம் அத்தியாயங்களுக்கு மட்டும். அந்த ஆண்டு அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுக்க எல்லாச் சரக்குக்கும் விரிந்தது. சரக்கு ஒரு துறைமுகத்தில் நிற்கும். அதன் பில்லை மதிப்பிடும் அதிகாரி வேறு எங்கோ இருப்பார். அவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் பில் யாரிடம் போகும் என்பதை இயந்திரமே தீர்மானிக்கும்.

இதைக் கொண்டுவந்த காரணங்கள் நியாயமானவை. ஒரே பொருள் ஒரு துறைமுகத்தில் ஒரு தலைப்பிலும் இன்னொரு துறைமுகத்தில் வேறு தலைப்பிலும் வகைப்படுத்தப்பட்டு வந்தது. எங்கே வரி குறைவோ அங்கே கப்பலைத் திருப்பும் சாமர்த்தியசாலிகள் இருந்தார்கள். அதிகாரியின் முகம் தெரிவதால் வரும் சங்கடங்களும் இருந்தன. முகத்தை எடுத்துவிட்டால் இரண்டும் குறையும் என்பது கணக்கு. குறைந்தன என்பதை நான் மறுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் அலுவலகத்தின் சில்லறைச் செலவுப் புத்தகத்தில் "இதர" என்று ஒரு பத்தி இருந்தது. அது இப்போது மெலிந்துவிட்டது.

அடுத்தது ஊசி. முகமற்ற முறை வந்த பிறகு, நாங்கள் பல ஆண்டுகளாக விடுவித்துவந்த அதே ஜெர்மன் ஊசிகள் ஒருமுறை நான்கு அட்டைப் பெட்டிகளில், வேறு பலருடைய சரக்குடன் ஒரே கண்டெய்னரில் வந்தன. வழக்கம்போல் 8448 என்ற தலைப்பில், அதாவது பின்னல் இயந்திரங்களின் உதிரிப் பாகங்கள் என்று தாக்கல் செய்தோம். வியாழன் மாலை திரையில் ஒரு க்வெரி வந்தது. இன்வாய்ஸில் பின்னல் ஊசி என்று இருக்கிறது, பின்னல் ஊசிகள் 7319இல் வருகின்றன, ஏன் அதில் வகைப்படுத்தக் கூடாது என்று விளக்கவும் என்றிருந்தது.

கேள்வியில் தவறே இல்லை. 7319 என்ற தலைப்பைப் படித்தால் தையல் ஊசி, பின்னல் ஊசி, குரோஷே கொக்கி என்றுதான் வரிசை போகிறது. ஆனால் அந்த வரிசையோடு ஒரு சிறு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: கையால் பயன்படுத்துபவை. குளிர்காலத்தில் ஸ்வெட்டர் பின்னும் அம்மாக்களின் ஊசி அது. எங்களுடையது இயந்திரத்துக்குள் இருப்பது. 8448இல் தையல்கண்ணி உருவாக்கும் ஊசிகள் என்று அதற்குத் தனி உட்பிரிவே உண்டு. இதை ஐந்து வரியில் எழுதி, தயாரிப்பாளரின் கேட்டலாக்கில் இரண்டு பக்கத்தைச் சேர்த்து வெள்ளிக்கிழமை ஏற்றினேன். திங்களன்று அடுத்த கேள்வி வந்தது. கேட்டலாக் படத்தில் அளவு தெரியவில்லை, பொருளின் செயல்பாட்டையும் இறுதிப் பயன்பாட்டையும் விளக்கவும் என்றது. பையில் இருந்த ஊசியை எடுத்து அளவுகோலின் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தேன். நாக்கு திறந்த நிலையில் ஒன்று, மூடிய நிலையில் ஒன்று. நாக்கின் நிழல் விழுந்து கொக்கி சரியாகத் தெரியவில்லை என்று மறுபடி வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து எடுத்தேன். புதன்கிழமை பில் விடுபட்டது.

இதற்காக அந்த அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் ஊசி இல்லை. தவறான தலைப்பை அனுமதித்தால் நாளை தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எதிரில் இருப்பவன் முப்பது ஆண்டு அனுபவசாலியா, நேற்று முளைத்த மோசடிக்காரனா என்று அவருக்குத் தெரியாது; தெரியக் கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நோக்கமே. இரண்டு நிமிடத்தில் விரல்நுனியால் தீர்ந்த சந்தேகம் ஆறு நாளும் எட்டுக் கோப்புகளும் எடுத்துக்கொண்டது. சுங்கப் புள்ளிவிவரத்தில் அது ஒரு பில், அவ்வளவுதான். கண்டெய்னரை வைத்துச் சரக்கைப் பிரிக்கும் சி.எஃப்.எஸ். கிடங்கின் வாடகை வேறு, ஊசிக்காக நின்றிருந்த இயந்திரங்கள் வேறு. தாமதமாகும் பில்களுக்காக, யார் என்று தெரியாமலே முறையிடும் ஒரு வழியை 2021இல் கொண்டுவந்தார்கள். அதைப் பயன்படுத்தியிருக்கிறேன், பயன் இருந்தது. ஆனால் முகமற்றவரைப் பற்றி முகமற்ற இன்னொருவரிடம் முறையிடுவது பழக சிறிது காலம் பிடித்தது.

பெரும்பாலான பில்களுக்கு இந்தக் கதையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இடர் மேலாண்மை அமைப்பு ஒரு பில்லை மதிப்பீடும் வேண்டாம், சோதனையும் வேண்டாம் என்று விட்டுவிட்டால், வரியைக் கட்டியதும் இயந்திரமே விடுவிப்பு ஆணை தருகிறது. இரவு பதினொன்றரை மணிக்கு அவுட் ஆஃப் சார்ஜ் ஆகி மின்னஞ்சல் வந்ததைப் படுக்கையில் இருந்தபடி பார்த்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த நாளில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். முனையத்திலிருந்து கண்டெய்னரை நேரே தொழிற்சாலைக்கு எடுத்துப் போகும் வசதியும் சேர்ந்துகொண்டால், கப்பல் வந்த மறுநாள் சரக்கு கிடங்கில் இருக்கும்.

அப்படியானால் இன்னமும் சரக்கு எங்கே நிற்கிறது? ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்துப் பில்களை எடுத்து, சரக்கு வந்ததிலிருந்து விடுபடும்வரை ஆகும் நேரத்தைத் தேசிய அளவில் அளக்கிறார்கள். முன்கூட்டியே தாக்கல் செய்தது, இடர் மேலாண்மையில் சோதனையின்றி விடப்பட்டது, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தினுடையது என்ற மூன்றும் கூடிய பில் வேகமாகப் போகிறது என்று அந்த அறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. எனக்கு அதில் பிடித்தது வேறு பகுதி. நேரம் சுங்க அதிகாரியின் மேசையில் மட்டும் போகவில்லை, இறக்குமதியாளரின் பக்கத்திலும் போகிறது என்று அவை சொல்கின்றன. இதை நாங்கள் எப்போதோ அறிவோம். மதிப்பீடு முடிந்து வரி கட்டச் சொல்லி வந்த பிறகு, வாடிக்கையாளரிடம் பணம் புரளாமல் மூன்று நாள், நான்கு நாள் பில் தூங்கும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. வெளியில் கடன் வாங்கினால் அதைவிடக் கூடுதல் என்பதால், சிலர் கணக்குப் பார்த்தேதான் தாமதிக்கிறார்கள். அதற்கப்புறம் கப்பல் கம்பெனியின் டெலிவரி ஆர்டர் வர வேண்டும். லாரி கிடைக்க வேண்டும்.

மற்றத் துறைகளின் கதை தனி. உணவுப் பொருளென்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையம், பருப்பும் மரமும் விதையுமென்றால் தாவரத் தனிமைக்காப்பு, மருந்தென்றால் மருந்துக் கட்டுப்பாடு. ஒற்றைச் சாளரத்தில் விண்ணப்பம் ஒன்றானது உண்மை. சாளரத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் பலர் என்பதும் உண்மை. பருப்பு மூட்டையில் கம்பியைக் குத்தி மாதிரி எடுப்பவர் ஒருவர் நேரில் வந்துதான் ஆக வேண்டும். வண்டு இருந்தால் புகையூட்டி இத்தனை மணி நேரம் மூடிவைத்துத்தான் ஆக வேண்டும். இங்கே வேகம் வேண்டுமானால் ஆய்வகமும் ஆளும் வேண்டும். கணினி அதைத் தராது.

முன்கூட்டித் தாக்கலில் எங்கள் கரைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. சரக்கு வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில்லைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குமேல் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். ஐரோப்பாவிலிருந்து நான்கு வாரம் கடலில் வரும் சரக்குக்கு இது பெரிய பாரமில்லை. கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கோ கப்பல் ஓர் இரவில் வந்துவிடும். இலங்கை முதலான சில அண்டை நாடுகளிலிருந்து கடல் வழி அனுப்பப்படும் சரக்குக்கு, வந்த நாள் முடியும்வரை அவகாசம் என்று விதியிலேயே தளர்வு கொடுத்திருக்கிறார்கள். புவியியலைப் படித்த யாரோ சுங்க வாரியத்தில் இருக்கிறார் என்று அன்று மகிழ்ந்தோம். ஆனால் நான்கு வாரம் கடலில் கிடந்தாலும், அனுப்பியவர் மூல ஆவணங்களைக் கடைசி வாரத்தில்தான் அனுப்புவார். நம்மவர் அதை வங்கியிலிருந்து எடுக்க இன்னும் இரண்டு நாள் எடுத்துக்கொள்வார். அதற்கு விதியில் தளர்வு இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வாசலில் நடப்பது. சுங்க நடைமுறையில் ஏற்பட்ட ஆழமான மாற்றம் வாசலுக்கு வெளியே நடக்கிறது, அதுவும் பல மாதங்கள் கழித்து. முன்பு சந்தேகம் சரக்கோடு ஷெட்டில் நின்றது. சந்தேகம் தீர்ந்தால் சரக்கு வெளியே போகும், பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். இப்போது சரக்கு முதலில் போய்விடுகிறது. சந்தேகம் பின்னால் கடிதமாக வருகிறது. விடுவிப்புக்குப் பிந்தைய தணிக்கைக்கு 2018இல் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்தார்கள். குறைவாகச் செலுத்திய வரியைக் கேட்டு அறிவிப்பு அனுப்புவதற்கான காலம் 2016இல் ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக நீண்டது. மோசடி, மறைத்தல் என்று குற்றம் சாட்டினால் ஐந்தாண்டு.

பெரிய நிறுவனத்துக்கு இது பிரச்சினையில்லை. அங்கே வரிக்கென்று ஒரு துறை, அதற்கொரு வக்கீல், ஆண்டுக்கணக்கில் கோப்புகள் எல்லாம் உண்டு. எங்களுடைய வாடிக்கையாளர் ஒருவர் தாய்லாந்திலிருந்து ரப்பர் பாகங்கள் இறக்குபவர். மொத்தம் நான்கு பேர் வேலை செய்யும் கடை. ஆசியான் நாடுகளுடனான ஒப்பந்தப்படி, சரக்கு அந்த நாட்டில் உருவானது என்ற மூலச் சான்றிதழ் காட்டிச் சலுகை வரியில் சரக்கை எடுத்துவந்தார். சான்றிதழைக் காட்டினால் போதும் என்பது அதுவரை இருந்த நடைமுறை. 2020 செப்டம்பர் 21 முதல் புதிய விதி வந்தது. அந்தப் பொருள் உண்மையிலேயே அந்த நாட்டில் உருவானதா, 35 சதவீத மதிப்பு அங்கே சேர்ந்ததா, மூலப் பொருளின் உட்தலைப்பு மாறியதா என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே தெரிந்து, ஐந்தாண்டுக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அவருக்குக் கடிதம் வந்தது. சரக்கு அப்போது விற்றுத் தீர்ந்து, லாபமும் செலவாகிவிட்டிருந்தது.

"சான்றிதழ் கொடுத்தது அவங்க கவர்மென்ட்டு. அது சரியில்லைன்னா அவங்களைக் கேளுங்க. நான் என்ன பண்ணுவேன் சார்?" என்று என் எதிரில் உட்கார்ந்து கேட்டார்.

தாய்லாந்து தயாரிப்பாளருக்கு எழுதினோம். ரப்பர் எவ்வளவு, கரி எவ்வளவு, கூலி எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொன்னால் எந்த வியாபாரி தருவார்? அதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை விலை பேசும்போது நாம் எங்கே போய் நிற்போம் என்று அவருக்குத் தெரியாதா? அவர் பணிவாக, அரசு சான்றிதழின் இன்னொரு நகலை அனுப்பிவைத்தார். வித்தியாச வரியைக் கட்டிவிட்டு இவர் அந்தச் சரக்கையே விட்டுவிட்டார்.

மூன்றாம் நாட்டுச் சரக்கைச் சுற்றி எடுத்துவந்து சலுகை வாங்கியவர்கள் ஏராளம். விதி அவர்களைக் குறிவைத்தது, அது தேவைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசலில் அதிகாரி செய்துவந்த ஆராய்ச்சி வேலை இப்போது இறக்குமதியாளரின் தலையில் இறங்கியிருக்கிறது. எது எந்தத் தலைப்பு, எது எவ்வளவு மதிப்பு, எது எங்கே உருவானது என்பதை அவர்தான் அறிந்திருக்க வேண்டும். அறியாமைக்குப் பொறுப்பும் அவருடையது. சுயமதிப்பீடு என்ற சொல் கேட்பதற்கு மரியாதையாக இருக்கிறது. நான்கு பேர் கடைக்கு அது, சம்பளம் கொடுக்க வழியில்லாத ஐந்தாவது ஆள்.

நம்பகமானவர் என்ற அங்கீகாரத்திலும் இதே கோணல்தான். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களை மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டாம், மூன்றாம் படியில் இருப்பவர்கள் சரக்கை முதலில் எடுத்துக்கொண்டு வரியைப் பிறகு கட்டலாம். பணம் புரளாத சிறு வியாபாரிக்குத்தான் அந்த வசதி உயிர்மூச்சு. ஆனால் ஆண்டுக்கணக்கில் சுத்தமான கணக்கும், பாதுகாப்பு ஏற்பாடுகளும், போதுமான எண்ணிக்கையில் பில்களும் காட்டக்கூடிய பெரியவருக்குத்தான் அது கிடைக்கிறது. சிறு, குறு நிறுவனங்களுக்குப் பின்னர் நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். என் வாடிக்கையாளர்களில் இருவர் அப்படி முதல் படியில் ஏறினார்கள். மற்றவர்கள் படிவத்தைப் பார்த்ததும் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள்.

எங்கள் தொழில் என்ன ஆகும் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். சுங்கத் தரகரைக் கட்டாயமாக்கும் புதிய விதி எதையும் உறுப்பு நாடுகள் கொண்டுவரக் கூடாது என்று ஒப்பந்தத்தின் பத்தாவது பிரிவிலேயே இருக்கிறது. இந்தியாவில் முன்பும் கட்டாயமில்லை. இறக்குமதியாளர் தானே தாக்கல் செய்துகொள்ளலாம். ஆனாலும் வருகிறார்கள். முன்பு அதிகாரியிடம் நின்று பேசுவதற்கு ஆள் வேண்டுமென்று வந்தார்கள். இப்போது தலைப்பும் விதியும் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று வருகிறார்கள். துறைமுகத்தில் ஓடித் திரிந்த எங்கள் பையன்களில் மூன்று பேர் போன ஆண்டு வேலையை விட்டார்கள்; அந்த இடத்தில் சட்டம் படித்த ஒரு பெண் சேர்ந்திருக்கிறார். அவர் இதுவரை ஒரு கண்டெய்னரின் சீல் வெட்டப்படுவதைப் பார்த்ததில்லை. கதவு திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்தச் சூட்டையும், நாள்கணக்கில் அடைபட்ட அட்டையின் வாடையையும் அறியாமலே எங்கள் அலுவலகத்தில் மிகச் சிறந்த பதில்களை அவர்தான் எழுதுகிறார்.

ஊசி இறக்கும் திருப்பூர் வாடிக்கையாளருக்கு அவர் சொன்ன யோசனை நல்ல யோசனை. ஒவ்வொரு முறையும் க்வெரிக்குப் பதில் எழுதுவதற்குப் பதிலாக, முன்கூட்டியே தீர்ப்பு வாங்கிவிடலாம் என்றார். ஒப்பந்தத்தின் மூன்றாவது பிரிவு சொல்லும் வசதிதான். மும்பையிலும் டெல்லியிலும் அதற்கென்று ஓர் அமைப்பு 2021 முதல் இயங்குகிறது. விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய். வகைப்பாட்டைத் தீர்மானித்துச் சொல்லிவிட்டால், சட்டமோ நிலவரமோ மாறாதவரை குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு எந்த ஊர் அதிகாரியும் அதற்குக் கட்டுப்பட்டவர்.

திருப்பூர்க்காரர் போனில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "வாங்கிரலாங்க. ஆனா இந்தத் தடவைச் சரக்கு ஏற்கனவே கப்பல்ல ஏறிருச்சு, போன வாரமே. அதுக்கு என்ன பண்றது?"

இன்வாய்ஸ் வந்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் வரவில்லை என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். போன முறை படம் பிடித்த ஊசியின் நாக்கு வளைந்திருந்தது. வேறொன்றை எடுத்து வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து, அந்தப் பெண்ணிடம் போனைக் கொடுத்தேன்.